புதுத் தொட்டியும் முதல் மீன்களும்: அண்ணனூர் நீரைப் பக்குவப்படுத்தும் முறை

புதிதாக நிரப்பிய கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் பளிங்குபோலத் தெளிந்திருக்கும். ஆனால் அது மீன் வாழத் தகுந்த நீராக இன்னும் ஆகியிருக்காது. மீன் தின்ற தீனியில் இருக்கும் புரதத்தின் கழிவு அம்மோனியாவாக வெளியேறுகிறது, அதுவும் பெரும்பகுதி செவுள் வழியாகவே. ஏரியிலும் ஆற்றிலும் இந்த அம்மோனியா பரந்த நீரில் கலந்து, சேற்றிலும் பாசியிலும் வாழும் நுண்ணுயிர்களுக்கு உணவாகிவிடும். இரண்டடித் தொட்டியில் அந்த நுண்ணுயிர்கள் இல்லை. அவை வந்து குடியேறி, அன்றாடம் சேரும் கழிவை அன்றாடமே செரிக்கும் அளவுக்குப் பெருக வேண்டும். கடைக்காரர்கள் ‘சைக்கிளிங்’ என்பதும், வளர்ப்பவர்கள் ‘தொட்டி செட் ஆகணும்’ என்பதும் இந்தக் காத்திருப்பைத்தான்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. மீனே இல்லாமல், அம்மோனியாவைத் தனியாகச் சொட்டுவிட்டு நுண்ணுயிரை வளர்ப்பது ஒன்று. மீனுக்கு எந்தத் துன்பமும் தராத வழி அதுதான். முடிந்தவர்கள் அதையே தேர்வது நல்லது. ஆனால் நடப்பு வேறு. ஞாயிற்றுக்கிழமை, சென்னையில் மீன் கடைகள் நிறைந்த கொளத்தூருக்குப் போய், தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்கிவந்து, குழந்தைகள் சூழ அன்று மாலையே மீனை விடுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. மீனோடு தொட்டியைப் பக்குவப்படுத்துவது தவிர்க்க முடியாததாகிவிட்டால், அந்த மீன்கள் நஞ்சில் நீந்தாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் கூடவே வந்துவிடுகிறது. இந்த அத்தியாயம் அந்தப் பொறுப்பைப் பற்றியது.

நுண்ணுயிர்களின் வேலை இரண்டு படிகளில் நடக்கிறது. முதல் கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. இரண்டாவது கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட் பெருமளவில் சேர்ந்தால்தான் தீங்கு. மண்ணில் நடக்கும் இந்த மாற்றம் வேதிவினை மட்டுமல்ல, உயிர்களின் செயல் என்பதை 1877இல் பிரான்சின் ஷ்லோசிங்கும் மூன்ட்ஸும் காட்டினார்கள். 1890 வாக்கில் ரஷ்ய அறிவியலாளர் செர்கெய் வினோகிராட்ஸ்கி அந்த உயிர்களைத் தனியே பிரித்தெடுத்தார். மீன் தொட்டிகளில் இரண்டாம் படியைச் செய்வது நைட்ரோபாக்டர் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அது பெரும்பாலும் நைட்ரோஸ்பைரா என்னும் வேறொரு வகை என்று 1990களின் பிற்பகுதியில் டிமதி ஹோவனெக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் கண்டறிந்தனர். நைட்ரோஸ்பைராவிலேயே சில வகைகள் இரண்டு படிகளையும் தனியாகச் செய்துவிடும் என்பது 2015இல் வெளிவந்த செய்தி. பழைய வழிகாட்டிகள் இவற்றை அறியாமல் எழுதப்பட்டவை.

இந்த நுண்ணுயிர்கள் தண்ணீரில் மிதந்து திரிவதில்லை. ஃபில்டரின் பஞ்சு, கூழாங்கல், செடியின் இலை, கண்ணாடி எனப் பரப்புகளில் ஒட்டி வாழ்கின்றன. தண்ணீரை மாற்றினால் தொட்டி செட் ஆவது தள்ளிப்போகும் என்ற பரவலான அச்சம் தவறு என்பதற்கு இதுவே காரணம். தண்ணீர் போனாலும் நுண்ணுயிர் இருந்த இடத்திலேயே இருக்கும். அவை மெதுவாகப் பெருகுபவை. நல்ல சூழலிலும் இரட்டிப்பாக அரை நாளுக்குக் குறையாமல், சில வேளை ஒரு நாளுக்கு மேலும் ஆகும். தயிர் உறையும் வேகத்தை இவற்றிடம் எதிர்பார்க்க முடியாது. தொட்டி செட் ஆக நான்கு முதல் ஆறு வாரம் என்பது இதனால் வரும் கணக்கு.

அண்ணனூரின் தண்ணீர்

மீன் வளர்ப்பு நூல்களில் பல, மென்மையான குளிர்ந்த நீர் கொண்ட நாடுகளில் எழுதப்பட்டவை. அவற்றின் எண்களை அப்படியே எடுத்துக்கொண்டால் ஆவடி, அண்ணனூர், திருமுல்லைவாயல் பக்கத்து வீடுகளில் மீன் சாகும். காரணத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

நீரில் கரைந்த அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கிறது. ஒன்று அம்மோனியம், செவுளை எளிதில் ஊடுருவாதது, ஓரளவு தீங்கற்றது. மற்றொன்று தனி அம்மோனியா. செவுளைச் சுட்டு இரத்தத்துக்குள் புகுவது. பரிசோதனைக் கிட் இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டும். அதில் நஞ்சு எவ்வளவு என்பதை நீரின் பி.எச். அளவும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. நீரின் வெப்பம் 30 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொண்டால், பி.எச். 7இல் மொத்தத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான் நஞ்சு வடிவில் இருக்கும். 7.5இல் அது 2.5 சதவீதம், 8இல் ஏறக்குறைய 7.5 சதவீதம், 8.3இல் 14 சதவீதம். கிட் காட்டுவது அதே 1 பி.பி.எம். என்றாலும், பி.எச். 7 உள்ள தொட்டியில் மீன் சமாளித்துக்கொள்ளும், பி.எச். 8 உள்ள தொட்டியில் அதன் செவுள் புண்ணாகும்.

சென்னையின் மேற்குப் புறநகரில் பல வீடுகளுக்கு ஆதாரம் போர் தண்ணீர். பெரும்பாலும் அது கடினநீர். வாளியிலும் கெய்சரிலும் வெள்ளைப் படிவு விடுவதே அதற்குச் சான்று. கடினநீரின் பி.எச். பொதுவாக 7.5க்கும் 8.3க்கும் இடையே நிற்கும். இதில் ஏமாற்றும் ஒரு கூறும் உண்டு. நிலத்தடியிலிருந்து அப்போதுதான் ஏறிய நீரில் கரியமில வாயு கரைந்திருப்பதால் குழாயடியில் சோதித்தால் பி.எச். குறைவாகத் தெரியும். ஒரு நாள் காற்றோட்டத்தில் இருந்தபின் வாயு வெளியேறி எண் ஏறிவிடும். ஆகவே, வாளியில் பிடித்து ஏர் மோட்டார் ஓடவிட்டு, 24 மணி நேரம் கழித்துச் சோதித்த எண்ணையே நம்ப வேண்டும். செப்டிக் டேங்க்குகள் நெருங்கிய தெருக்களில் போர் தண்ணீரிலேயே நைட்ரேட் இருப்பதுண்டு. முதல் நாளே அதையும் சோதித்துக் குறித்துவைத்தால், பின்னர் தொட்டியில் நைட்ரேட் தோன்றுவதைக் கண்டு தொட்டி செட் ஆகிவிட்டதாக ஏமாற நேராது.

குழாய் வழி வரும் மெட்ரோ வாட்டரிலும் லாரித் தண்ணீரிலும் கவனிக்க வேண்டியது குளோரின். ஒரு நாள் திறந்த வாளியில் காற்றோட்டத்துடன் வைத்தால் அது போய்விடும். அவசரத்துக்குக் கடையில் விற்கும் ஆன்டி குளோரின் சொட்டு மருந்து போதும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சம்ப்பையும் மாடித் தொட்டியையும் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவும் நாட்கள்தான் உண்மையில் ஆபத்தானவை. அன்றும் மறுநாளும் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றவே கூடாது.

மீன் வளர்ப்பவர் பலர் கடினநீருக்கு அஞ்சி, ஆர்.ஓ. கேன் தண்ணீரால் தொட்டியை நிரப்புகிறார்கள். அக்கறையால் செய்யும் இந்தக் காரியமே தொட்டியைக் கெடுத்துவிடுகிறது. நுண்ணுயிர்கள் அம்மோனியாவை மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் மாறுவதற்கு, கால்சியம் கார்பனேட் கணக்கில் 7 மில்லிகிராமுக்குச் சற்று மேலான காரத்தன்மை செலவாகும். கேன் தண்ணீரில் அந்தச் சேமிப்பு இல்லை. இரண்டு மூன்று வாரத்தில் பி.எச். சரிந்து 6க்கு அருகே போனதும் நுண்ணுயிர்கள் வேலையைக் கிட்டத்தட்ட நிறுத்திவிடும். போர் தண்ணீரின் கடினம் இந்த இடத்தில் கைகொடுக்கிறது. உப்பு மிகுந்த போர் தண்ணீராக இருந்தால் பாதிக்குப் பாதி கேன் தண்ணீர் கலக்கலாம். முழுவதும் கேன் தண்ணீர் என்பது வேண்டாம்.

தொட்டி, ஃபில்டர், உறை

இரண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் கொண்ட தொட்டியின் கொள்ளளவு 56 லிட்டர். கல்லும் மேல் இடைவெளியும் போக உள்ளே நிற்பது 45 லிட்டர் அளவு. தொடங்குபவர் இதற்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. சின்னத் தொட்டி பராமரிக்க எளிது என்பது தோற்றம்தான். நீர் குறையக் குறைய, அதே கழிவு அடர்த்தியாகிக்கொண்டே போகும்.

ஏர் மோட்டாரில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் விலை குறைந்தது, நுண்ணுயிர் தங்க நிறையப் பரப்பு தருவது, குஞ்சுகளை உறிஞ்சாதது. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை முழுதாக மாற்ற நுண்ணுயிர்களுக்கு நாலரை மில்லிகிராம் ஆக்சிஜன் தேவை. 30 டிகிரி நீரில் கரைந்து நிற்கக்கூடிய ஆக்சிஜனோ லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான். அதை மீனும் நுண்ணுயிரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். இரவில் சத்தம் கேட்கிறது என்று மோட்டாரை நிறுத்தும் வழக்கம் அதனால்தான் கேடு.

தொட்டி செட் ஆகும் காலத்தைச் சுருக்க உறுதியான வழி ஒன்றே: உறை ஊற்றுவது. பல மாதம் ஓடிய, நோயில்லாத தொட்டியின் ஸ்பாஞ்சைப் புதுத் தொட்டியில் வைத்தால் ஆறு வாரம் என்பது இரண்டு வாரமாகவோ அதற்கும் குறைவாகவோ சுருங்கும். அக்கம்பக்கத்தில் மீன் வளர்ப்பவரிடமோ பழக்கமான பண்ணையிலோ கேட்டுப் பெறலாம். ஸ்பாஞ்சை அதே தொட்டியின் தண்ணீரில் நனைத்து, உள்ளே காற்று நிறைய இருக்கும் கவரில் போட்டு, வெயில் படாமல் கொண்டுவர வேண்டும். உலர்ந்தால் பயனில்லை. உறை தரும் தொட்டியின் மீன்களில் வெள்ளைப்புள்ளி நோய் இருந்தால் அதுவும் கூடவே வந்துவிடும்; ஆகவே அந்த மீன்களை நன்றாகப் பார்த்துவிட்டே வாங்க வேண்டும். புட்டியில் விற்கும் நுண்ணுயிர்க் கரைசல்கள் சில நேரம் உதவும். ஆனால் வெயில் காயும் கடை அலமாரியில் மாதக்கணக்கில் இருந்த புட்டியில் உயிர் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்பதை வெளியிலிருந்து அறிய முடியாது. அதை நம்பி ஒரே நாளில் இருபது மீன் விடுவது அறவே கூடாது.

வேகமாக வளரும் செடிகள் நேரடியாக அம்மோனியத்தை உணவாக்கிக்கொள்வதால் பெரிய துணை. ஹைட்ரில்லாவும் வாலிஸ்னேரியாவும் கடினநீரில் தழைப்பவை. மணி பிளான்ட் கொடியின் வேரை மட்டும் நீரில் தொங்கவிட்டாலும் பலன் உண்டு. பருத்திப்பட்டு ஏரியிலோ அம்பத்தூர் ஏரியிலோ செடி பிடுங்கிவந்து போடுவது வேண்டாம். அட்டையும், சிறு மீனைப் பிடித்துத் தின்னும் தும்பிப் புழுவும் அதனோடு வரக்கூடும்.

முதல் மீன்கள்

45 லிட்டர் தொட்டிக்கு முதலில் நான்கைந்து சிறு மீன்கள் போதும். கப்பியும் மோலியும் பிளாட்டியும் கடினநீருக்கென்றே அமைந்தவை போன்றவை. ஜீப்ரா மீன் இந்தியத் துணைக்கண்டத்து ஓடைகளிலேயே பிறந்த உறுதியான இனம். கோல்டு ஃபிஷ் பலருக்கு ஆசை. ஆனால் நிறையத் தின்று நிறையக் கழிவதால் புதுத் தொட்டிக்கு அது பெருஞ்சுமை. நியான் டெட்ரா, ஏஞ்சல், டிஸ்கஸ் ஆகியவற்றை இந்தக் கட்டத்தில் நினைக்கவே கூடாது. ஃபைட்டர் மீன் மேற்பரப்பில் வந்து காற்றைச் சுவாசிப்பதால் செவுள் கெட்டிருந்தாலும் வெளியே தெரியாமல் தாக்குப்பிடிக்கும். நீர் கெட்டதை அது காட்டிக்கொடுக்காது.

கொளத்தூரில் வாங்கிய மீனுக்கு அண்ணனூர் தூரமில்லை. வில்லிவாக்கத்தில் மின்சார ரயில் ஏறினால் கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயல் தாண்டி ஐந்தாவது நிறுத்தம். இருந்தாலும் அந்தச் சிறு பயணத்திலேயே கவருக்குள் அம்மோனியா சேரத் தொடங்கும். மீன் விடும் கரியமில வாயுவால் கவர் நீரின் பி.எச். இறங்கும். அதனால் அம்மோனியா தீங்கற்ற வடிவிலேயே நிற்கும். அந்த நீர் தொட்டியின் உயர்ந்த பி.எச். நீரோடு கலந்த கணமே அது நஞ்சாக மாறும். ஆகவே கவரைக் கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பம் சமமானதும், மீனை வலையில் எடுத்துத் தொட்டியில் விட்டு, கவர் நீரைக் கீழே கொட்டிவிட வேண்டும். கடையில் சேர்த்துக் கொடுக்கும் நீல மருந்தை, அதாவது மெத்திலீன் புளூவை, புதுத் தொட்டியில் ஊற்றக் கூடாது. அது நோய்க்கு மருந்துதான். வளரத் தொடங்கிய நுண்ணுயிரையும் அது சேர்த்தே அடக்கிவிடும்.

தீனியும் தினசரிச் சோதனையும்

அம்மோனியா வருவது தீனியிலிருந்து என்பதால் அதன் கடிவாளமும் தீனியில்தான் இருக்கிறது. 35 சதவீதம் புரதமுள்ள தீனி ஒரு கிராம் போட்டால் ஏறக்குறைய 32 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் உண்டாகும். 45 லிட்டரில் அது 0.7 பி.பி.எம். விரல் நுனியில் எடுக்கும் சிட்டிகை, கிராமில் பத்தில் ஒரு பங்கு என்று கொண்டால், நாளொன்றுக்கு 0.07 மட்டுமே ஏறும். முதல் மூன்று வாரத்துக்கு நாளுக்கு ஒரே ஒரு சிட்டிகை, அதுவும் இரண்டு நிமிடத்தில் தின்று தீர்வது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டாலும் வளர்ந்த மீன் பட்டினியால் சாகாது. வீட்டில் ஆளாளுக்கு ஒருமுறை தீனி போடுவதே புதுத் தொட்டிகள் கெடுவதற்கு முதல் காரணம். தீனி டப்பா ஒருவர் பொறுப்பில் இருப்பது நல்லது.

சொட்டுத் திரவ வகைக் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச். நான்கும் வேண்டும். பட்டைகளைவிடத் திரவக் கிட் நம்பகமானது. முதல் மாதம் நாள்தோறும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் சோதித்து நோட்டில் குறிக்க வேண்டும். பி.எச். 8 அளவிலுள்ள அண்ணனூர் தொட்டியில் மொத்த அம்மோனியா 0.25 பி.பி.எம். தொட்டாலே தண்ணீர் மாற்றும் நேரம் வந்துவிட்டது. வேறு நூல்கள் 1 பி.பி.எம். வரை பொறுக்கலாம் என்று சொன்னாலும் இங்கே பொறுக்கக் கூடாது. கால் பங்கு மாற்றினால் 0.5 என்பது 0.375 ஆகத்தான் இறங்கும். பாதி மாற்றினால்தான் 0.25 ஆகும். எண் உயர்ந்திருக்கும் நாளில் பாதி மாற்றத் தயங்க வேண்டியதில்லை. புது நீர் ஒருநாள் வாளியில் நின்றதாகவும் ஏறத்தாழ அதே வெப்பத்திலும் இருந்தால் போதும்.

முதல் வாரத்தில் நீர் பால் கலந்ததுபோல மங்கலாகலாம். அது வேறு வகை நுண்ணுயிர்களின் திடீர்ப் பெருக்கம், தானே அடங்கும். பயந்துபோய்த் தொட்டி முழுவதையும் காலிசெய்து கல்லைக் கழுவினால் எல்லாம் மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கும். மீன் மேற்பரப்பில் வாய் திறந்து திணறுவது, செவுள் சிவப்பது, துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நிற்பது ஆகியவை அம்மோனியாவின் அறிகுறிகள். அவற்றைக் கண்டபின் சோதிப்பது தாமதம்தான். அதே நிமிடத்தில் பாதி நீரை மாற்றிவிட்டுப் பிறகு கிட்டை எடுக்கலாம்.

நைட்ரைட் கட்டம்

இரண்டாம் வாரம் முடியும் தறுவாயில் அம்மோனியா இறங்கத் தொடங்கும், நைட்ரைட் ஏறும். பலர் இத்தோடு முடிந்தது என்று எண்ணிப் புது மீன் வாங்கிவிடுவது இந்த இடத்தில்தான். நைட்ரைட் மீனின் இரத்தத்தில் புகுந்து, ஆக்சிஜனைச் சுமக்கும் பொருளை முடக்குகிறது. செவுள் சிவப்பு மாறிக் காப்பி நிறமாகும். நீரில் ஆக்சிஜன் இருந்தும் மீன் மூச்சுத் திணறும்.

இதற்கு எளிய காப்பு கல் உப்பு. உப்பிலுள்ள குளோரைடு, செவுள் வழியே நைட்ரைட் நுழையும் வாசலை அடைத்துக்கொள்கிறது. நைட்ரைட்டைப்போல் பத்து மடங்கு குளோரைடு இருந்தால் பெரிய அளவு பாதுகாப்பு கிடைக்கும். 20 லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு என்பது லிட்டருக்கு 30 மில்லிகிராம் குளோரைடு தரும். 2 முதல் 3 பி.பி.எம். நைட்ரைட்டுக்கு அது ஈடுகொடுக்கும். 45 லிட்டர் தொட்டிக்குச் சுமார் இரண்டேகால் கிராம், அதாவது அரைத் தேக்கரண்டிக்கும் குறைவு. தனியே கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். நீரை மாற்றும்போது வெளியேறிய பங்குக்கு மட்டும் மீண்டும் சேர்த்தால் போதும். உப்பு நைட்ரைட்டை அகற்றாது. அதன் கடியைத்தான் தடுக்கும். எண் 0.5 தாண்டினால் நீர் மாற்றுவதும் தொடர வேண்டும்.

மின்தடை, கோடை, மழை

பராமரிப்புப் பணிக்காகக் காலை 9 மணியிலிருந்து பிற்பகல் வரை மின்சாரம் நிற்கும் நாட்கள் இப்பகுதியில் வழக்கம். புதுத் தொட்டிக்கு நான்கைந்து மணி நேரம் பெரிய ஆபத்தல்ல. அன்று தீனி போடாமல் இருந்து, அவ்வப்போது ஒரு டம்ளரால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினால் போதும். வடகிழக்குப் பருவமழையில் நிலைமை வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் மின்சாரம் நாட்கணக்கில் இல்லை. பேட்டரியில் ஓடும் சிறிய ஏர் மோட்டார் ஒன்று வீட்டில் இருப்பது அப்போது உயிர்காக்கும். மூடிய ஃபில்டர் பல மணி நேரம் நின்றுவிட்டால், உள்ளே தேங்கிய நீரைக் கொட்டி, தொட்டி நீரிலேயே பஞ்சை அலசிய பிறகுதான் மறுபடி ஓடவிட வேண்டும்.

மே மாதத்தில் அறைக்குள் இருக்கும் தொட்டியே 32 டிகிரியைத் தாண்டும். அம்மோனியாவின் நஞ்சும் கூடும், ஆக்சிஜனும் குறையும். நீர்ப்பரப்பின்மேல் சிறிய மின்விசிறியை வீசவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். அதனால் ஆவியாகும் நீரை ஈடுசெய்ய மட்டும் கேன் தண்ணீர் ஏற்றது. ஆவியாவது நீர் மட்டுமே, உப்புகள் தொட்டியிலேயே தங்கிவிடுகின்றன. புதுத் தொட்டி தொடங்க ஜனவரி முதல் மார்ச் வரையும், வெயில் தணிந்த ஆகஸ்ட், செப்டம்பரும் ஏற்ற மாதங்கள்.

தொட்டி தயாரானது எப்போது

வழக்கமான தீனி போட்டுக்கொண்டிருக்கும்போதே, நீர் மாற்றாமல், அம்மோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து ஒரு வாரம் பூஜ்யமாக நின்று, நைட்ரேட் மட்டும் குழாய் நீரின் அளவைத் தாண்டி ஏறினால் தொட்டி தயார். தயார் என்பது அப்போதுள்ள நான்கைந்து மீன்களின் கழிவுக்கு மட்டுமே. நுண்ணுயிர்க் கூட்டம் கிடைக்கும் உணவின் அளவுக்குத்தான் வளர்ந்திருக்கும். அடுத்த மூன்று நான்கு மீன்களைச் சேர்த்துவிட்டு இரண்டு வாரம் பொறுத்து, சோதித்து, அதன்பிறகே அடுத்த சில மீன்கள். ஸ்பாஞ்சை மாதம் ஒருமுறை, தொட்டியிலிருந்து வாளியில் எடுத்த நீரிலேயே பிழிந்து அலச வேண்டும். குழாய்க்கடியில் காட்டக் கூடாது. வாரந்தோறும் கால் பங்கு நீர் மாற்றினால் நைட்ரேட் 40 பி.பி.எம்.க்குள் நிற்கும். போர் தண்ணீரிலேயே நைட்ரேட் மிகுந்த வீடுகளில் மாற்றும் நீரில் பாதியைக் கேன் தண்ணீராக வைத்துக்கொள்ளலாம்.